யாரும் சாகாத படங்கள்

— அந்த எடத்துல லைட்டப் போட்டுட்டான். இன்டர்வெல்.

— டாக்டர் கதவத் தொறந்துக்கிட்டு வெளிய வர்றாரு, அந்த ரேடியோ கடைக்காரன் பெஞ்சுலேருந்து எந்திரிச்சு நிக்கிறான். அங்கயா?

— அங்கதான். டாக்டர் வாயத் தொறக்கறதுக்குள்ள ‘இடைவேளை’ன்னு எழுத்து வந்து நின்னுச்சு. கல்நெஞ்சக்காரன் அந்த டைரக்டரு.

— சரி, அப்புறம்?

— இரு, செருப்பக்கூட இன்னும் கழட்டல நான். மாத்திர போட்டியா?

— போட்டாச்சு. பார்லர் பொண்ணு அரை டம்ளர் தண்ணி குடிக்க வச்சிட்டுத்தான் கீழ எறங்கிப் போனா. நீங்க செருப்பக் கழட்டிட்டு வந்து உக்காந்து மிச்சத்தச் சொல்லுங்க.

— கட்டில் மேல என்ன இது, செவப்பா பாட்டிலு?

— நகப் பாலிஷ். மறந்துட்டுப் போயிட்டா. செவ்வாக்கெழம பார்லர் லீவுன்னு பேரு, அவ கை சும்மா இருக்குமா? என் தலையில அவளுக்கு இப்ப வேலை இல்ல, முடி இருந்தாத்தானே சீவறதுக்கு. அதான் கால் நகத்துல எறங்கிட்டா. நல்லாருக்கா?

— ஃபர்ஸ்ட் கிளாஸ். புதுப்பொண்ணு மாதிரி இருக்கு.

— கணுக்கால் வரைக்கும்.

— இப்பிடிப் பேசினா நான் கதை சொல்ல மாட்டேன்.

— சரி சரி, பேசல. டாக்டர் வெளிய வந்தாரு. அப்புறம்?

— சொல்றேன் கேளு. இன்டர்வெல் முடிஞ்சு எல்லாரும் சோளப்பொரியும் கையுமா வந்து உக்காந்தாச்சு. ஹால்ல மயான அமைதி. டாக்டர் மெதுவா கண்ணாடியக் கழட்டறாரு. கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே சொல்றாரு, தம்பி, மன்னிச்சுக்கங்க, ரிப்போர்ட்டு மாறிப் போச்சு. அதே பேர்ல இன்னொரு அம்மாவாம். உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல, ரத்தம் கொஞ்சம் கம்மி, கீரை குடுங்கன்னுட்டாரு.

— மறுபடியும் ரிப்போர்ட்டு மாறிப் போச்சா?

— மறுபடியும்னா?

— அந்த ஓட்டப்பந்தயப் படத்துலயும் மாறிச்சே. அந்தப் பொண்ணோட கோச்சுக்கு இதயத்துல ஓட்டைன்னு சொல்லி, அப்புறம் அது பக்கத்து பெட்டுக்காரரோட ஓட்டைன்னு ஆச்சே.

— ஆஸ்பத்திரின்னா மாறத்தான் செய்யும். எவ்ளோ பேரு வர்றாங்க போறாங்க.

— அப்ப அந்த பக்கத்து பெட்டுக்காரரு?

— அவரு… அவருக்கும் சரியாயிருச்சு. அதெல்லாம் விரிவாக் காட்டல.

— அதானே. சரி, கீரை சாப்பிட்டா. அப்புறம்?

— அப்புறம் என்ன, பாட்டு. வீட்டுக்கு வர்றாங்க, கடையத் தொறக்கறான், ரேடியோ பாடுது. வயசாயி, தலை நரைச்சு, ரெண்டு பேரும் ஒரே சோபாவுல உக்காந்து இருக்கற மாதிரி முடிச்சுட்டான். அந்த சோபாவப் பத்திச் சொல்லணும் கேளு. பழைய காலத்து வீடாம், ஆனா போட்டிருக்கறது இப்ப வர்ற ரெக்ஸின். தையலு மெஷின் தையலு. அந்தக் காலத்துல ஏதுடி அந்த நூலு? குஷன் கடைக்காரன் ஒருத்தன் தியேட்டர்ல உக்காந்திருப்பான்னு ஒருத்தனாவது நெனச்சுப் பாத்தானா?

— உங்களுக்காக ஒரு படம் எடுக்கணும்னா அதுல மனுசங்களே வேண்டாம். நாற்காலி, சோபா, ஸ்பிரிங்கு இருந்தாப் போதும்.

— நான் பொதுவாச் சொல்றேன். இப்ப வர்ற படத்துல யாராவது ஒழுங்கா உக்கார்றானா பாரு. சண்டைப் படத்துல வில்லனுக்கு அவ்ளோ பெரிய நாற்காலி, ஒரு நிமிசம் உக்கார மாட்டேங்கறான், எட்டி ஒதைக்கிறான். அந்தக் காதல் படத்துல ரெண்டும் படம் பூரா ஃபோன்லயே பேசுதுங்க. பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒரு சீன் கெடையாது. அப்புறம் எப்பிடிக் காதல் வரும்? சத்தம் வேற, காது கிழியுது. அடிக்கிறவனும் கத்தறான், அடி வாங்கறவனும் கத்தறான், பாக்க வந்த சின்னப்பிள்ளையும் கத்துது.

— திட்டிக்கிட்டே வாராவாரம் போறீங்களே.

— நீதானே அனுப்பற.

— ஆமா, நான்தான் அனுப்பறேன். டாக்டர் இவங்க ஆசப்பட்டதெல்லாம் குடுங்கன்னாரு. சோறு எறங்கல எனக்கு. ஆசப்பட்டது படம் ஒண்ணுதான். நடக்க முடிஞ்சா நானே போயிருப்பேன். சரி, அது கெடக்கு. அந்தப் பேய்ப் படத்த இன்னொரு தடவ சொல்லுங்களேன்.

— அது பழசு, எதுக்கு இப்ப?

— சிரிக்கணும் போல இருக்கு.

— பேய்ப் படத்தக் கேட்டுச் சிரிக்கிற ஒரே ஆளு நீதான். கேளு. புருசன், பொண்டாட்டி, ஒரு கொழந்த. பெரிய வீடு, வாடகை கம்மி. எவனாவது கம்மி வாடகைக்கு வீடு விட்டா அப்பவே உஷாராயிருக்கணும். ஹால்ல ஒரு சோபா, மேல வெள்ளத் துணி போத்தி இருக்கு. ராத்திரியானா அந்தத் துணி மூச்சு விடற மாதிரி ஏறி எறங்குது. கொழந்த போயி துணிய இழுக்குது. இன்டர்வெல்.

— அப்புறம்?

— அப்புறந்தான் தெரியுது, அது நல்ல பேயாம். அந்த வீட்டுல முன்னாடி இருந்த அம்மா. அந்த சோபான்னா அவங்களுக்கு உசுரு. ஸ்பிரிங்கு ஒடஞ்சு கெடக்கு, யாரும் கவனிக்கல, அந்த வருத்தம். இவன் ஆளக் கூட்டிட்டு வந்து புதுசா ஸ்பாஞ்சு போட்டுக் குடுத்ததும் சந்தோஷமாப் போயிருச்சு.

— அந்த அம்மா எப்பிடிங்க செத்தாங்க?

— சாகல.

— சாகலயா?

— வெளியூர்ல இருந்தாங்க. எல்லாரும் தப்பா நெனச்சுட்டாங்க. கடைசியில பெட்டியோட வந்து எறங்கறாங்க.

— ஏங்க, வெளியூர்ல இருக்கற பொம்பளைக்கு உள்ளூர்ல எப்பிடிங்க பேய் இருக்கும்?

— நான் என்ன, படமா எடுத்தேன்? அவன் காட்டினான், நான் பாத்தேன்.

— ஐயோ, சிரிச்சா வலிக்குது. கொஞ்சம் தூக்கி விடுங்க… போதும். சரி, அந்த போலீஸ் படத்துல கெணத்துலேருந்து ஒரு பொணத்த எடுத்தாங்களே.

— பொணம் மாதிரி இருந்துச்சு. மயக்கத்துல இருந்திருக்கான். எந்திரிச்சு வந்து கோர்ட்டுல சாட்சியே சொன்னானே.

— போர்ப் படம்?

— போரு நின்னு போச்சுன்னுதான் சொன்னேனே.

— எப்ப?

— இன்டர்வெல் முடிஞ்ச கையோட.

— அப்புறம் ஒரு மணி நேரமா என்னத்தக் காட்டினான்?

— ரெண்டு பக்கத்து ஆளுங்களும் பந்து வெளையாடினாங்க. சமையல் பண்ணினாங்க. அவனவன் ஊரப் பத்திப் பேசினான்.

— அந்த வானத்துல போற படம். ஆக்சிஜன் தீந்து போயி மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

— சீட்டுக்கு அடியில இன்னொரு சிலிண்டர் இருந்துச்சு. குஷனத் தூக்கிப் பாக்கணும்னு யாருக்கும் தோணல. எந்த வண்டியா இருந்தாலும் மொதல்ல சீட்டத் தூக்கிப் பாக்கணும், நான் எத்தன சொல்லியிருக்கேன்.

— ஏங்க, நானும் யோசிச்சுப் பாக்கறேன். பேய்ப் படம், போலீஸ் படம், போர்ப் படம், இன்னிக்கு ஆஸ்பத்திரிப் படம். நான் படுத்ததுலேருந்து நீங்க எவ்ளோ படம் பாத்துட்டீங்க. ஒண்ணுலயாவது ஒருத்தராவது செத்தாங்களா?

— கொஞ்ச நேரம் சந்தோஷமா இருக்கத்தானே மனுசன் படத்துக்குப் போறான். இப்பல்லாம் அப்பிடித்தான் எடுக்கறாங்க.

— மேல பாக்காதீங்க.

— எங்க பாத்தேன்?

— ஃபேனப் பாக்கறீங்க. நர்சரிப் புள்ளைங்களுக்குக் கதை சொல்லியே காலத்த ஓட்டினவ நான். கதை கையில இருந்தா கேக்கறவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுவோம். கதை கையில இல்லாம அப்பப்ப செஞ்சு செஞ்சு போடறப்பதான் கண்ணு மேல போகும். இன்டர்வெல் வரைக்கும் என்னப் பாத்துச் சொல்றீங்க. அதுக்கப்புறம் ஃபேனப் பாத்துச் சொல்றீங்க.

— உனக்கு மாத்திர வேலை செய்ய ஆரம்பிச்சுருச்சு. கொஞ்சம் தூங்கு.

— முதுகுக்கு இந்த குஷன் தச்சுக் குடுத்தீங்களே.

— ஏன், குத்துதா? அடியில இன்னொரு அடுக்கு ஸ்பாஞ்சு வைக்கட்டுமா?

— குத்தல. இவ்ளோ சொகமா நான் எப்பவும் உக்காந்ததில்ல. நீங்க யார் யாருக்கோ தச்சீங்க, நம்ம வீட்டுல இருந்தது ஒடஞ்ச பிளாஸ்டிக் சேரு. இப்பதான் எனக்குன்னு ஒண்ணு தச்சிருக்கீங்க.

— அதுக்கு என்ன இப்ப?

— மல்லாக்கப் படுத்துக் கெடந்தப்ப எனக்கு ஃபேனு மட்டுந்தான் தெரிஞ்சுது. இதுல சாஞ்சா ஜன்னல் தெரியுது. ஜன்னல்ல ரோடு தெரியுது. எதிர்ல பஸ் ஸ்டாப் தெரியுது.

— ம்.

— உங்க வேலைதான் உங்களக் காட்டிக் குடுத்துருச்சுங்க. ரெண்டு வெரக்கட ஒசரம் கம்மியா வச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

— படம் விட்டு வர்றப்ப கொஞ்சம் காத்தாட உக்காந்திருப்பேன். அதப் பாத்திருப்ப.

— படம் விடலங்க அப்ப. இன்டர்வெல் விட்டிருக்கும். தியேட்டர் எவ்ளோ தூரம், நடந்து வர எவ்ளோ நேரம் ஆகும்னு எனக்குத் தெரியாதா, நாம எத்தன தடவ நடந்திருக்கோம். பஸ்ஸு வருது, நிக்குது, கண்டக்டர் எட்டிப் பாத்து வாங்கன்னு கைய ஆட்டறாரு, நீங்க தலைய ஆட்டறீங்க. அடுத்த பஸ்ஸு வருது. மழ வந்தப்பக்கூட நகரல, தூணுக்குப் பின்னாடி ஒண்டிக்கிட்டு நின்னீங்க. அப்பப்ப அண்ணாந்து இந்த ஜன்னலப் பாக்கறீங்க. நான் ஒடனே கண்ண மூடிக்குவேன். அவ்ளோ தூரத்துலேருந்து தெரியாதுன்னு தெரியும், இருந்தும் மூடிக்குவேன்.

— எப்பலேருந்து பாக்கற?

— குஷன் வந்ததுலேருந்து.

— ஒரு வார்த்த சொல்லல.

— நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். நான் இங்க தனியா உக்காந்திருக்கேன், நீங்க அங்க தனியா உக்காந்திருக்கீங்க, நடுவுல ஒரு ரோடு. அவ்ளோதான். ரோட்டத் தாண்டி வந்திருக்கலாம்ல? பார்லர் பொண்ணு பாட்டுக்கு நகத்தப் பாத்துக்கிட்டு இருப்பா. எனக்கு உங்களக் கூப்பிடணும் போல இருக்கும். கூப்பிட்டா இந்தக் குரல் கேக்காது.

— வந்திருந்தா படம் அதுக்குள்ள முடிஞ்சுருச்சான்னு கேப்ப.

— கேட்டிருப்பேன். அதுக்கென்ன?

— ஒண்ணுமில்ல. தியேட்டர்ல சீட்டு சரியில்ல. ஸ்பிரிங்கு இடுப்புல ஏறுது.

— என்னங்க.

— ம்.

— என்னப் பாருங்க. ஏன் பாதிப் படத்துல எந்திரிச்சு வர்றீங்க?

— மொதல்ல ஒரு படம் பாத்தேனே, அப்பா மகன் படம். உங்கிட்ட அப்பா கோவிச்சுக்கிட்டு வெளிநாடு போயிட்டாருன்னு சொன்னேன். அவரு போகல. ஆஸ்பத்திரியில படுத்துட்டாரு. அந்த மெஷினு, பச்சக் கோடு ஓடுமே, அத இவ்ளோ பெருசாத் திரை பூராக் காட்டறான். சத்தம் வேற. டிக்கு, டிக்குன்னு. பக்கத்து சீட்டுல ஒருத்தன் சோளப்பொரிய மென்னுக்கிட்டு இருக்கான். எனக்கு மூச்சு முட்டிருச்சு. இருட்டுல யார் யாரு காலையோ மிதிச்சுக்கிட்டு வெளிய ஓடி வந்துட்டேன். அதுக்கப்புறம் எந்தப் படமா இருந்தாலும், இன்டர்வெல்ல லைட்டப் போட்டதும் என் காலு தானா எந்திரிச்சுக்குது. பாதி வரைக்கும் எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. அதோட வந்துட்டா நல்லாவே இருப்பாங்கல்ல.

— படத்துல மட்டுமா?

— வேற எங்க?

— ஆஸ்பத்திரியில அந்தப் பெரிய டாக்டர் நம்மள உக்கார வச்சுப் பேசினாரே. இனிமே இங்க வச்சுப் பண்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு ஆரம்பிச்சாரு. அவரு பேசிக்கிட்டு இருக்கறப்பவே எந்திரிச்சு வெளிய போயிட்டீங்க. மிச்சத்த நான் ஒருத்திதான் உக்காந்து கேட்டேன். திரும்பி வந்து என்கிட்ட என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

— வேண்டாம் விடு.

— வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாருன்னா தேவலைன்னுதானே அர்த்தம்னு சொன்னீங்க. அன்னிக்கும் ஃபேனத்தான் பாத்தீங்க.

— விடுன்னு சொல்றேன்ல.

— எத்தன நாளா நான் பேச வர்றேன். எனக்கப்புறம்னு ஆரம்பிச்சாப் போதும், அடுப்புல பால் இருக்குன்னு எந்திரிச்சுப் போயிடறீங்க. போயிப் பாத்தா அடுப்பே பத்த வச்சிருக்க மாட்டீங்க. எனக்கு சாகறதுக்கு பயம் இல்லங்க. உங்கள நெனச்சாத்தான் பயமா இருக்கு. புள்ளையா குட்டியா நமக்கு, வந்து எட்டிப் பாக்க? நீங்க அந்த பஸ் ஸ்டாப்புலயே உக்காந்துடுவீங்கன்னு பயமா இருக்கு.

— நான் போயி கஞ்சி வைக்கறேன்.

— உக்காருங்க. கைய விட மாட்டேன். இழுத்துட்டுப் போற அளவுக்கு நீங்க கல்மனசு இல்லன்னு தெரியும், அதான் புடிச்சிருக்கேன். இன்னிக்குப் படத்தோட மிச்சத்த நான் சொல்றேன்.

— உனக்கு எப்பிடித் தெரியும்?

— பார்லர் பொண்ணு வெள்ளிக்கெழமையே பாத்துட்டாளாம். நகம் போட்டுக்கிட்டே பூராவும் சொன்னா.

— எனக்கு வேண்டாம்.

— உங்க பேய நான் எவ்ளோ பொறுமையாக் கேட்டேன். நான் சொல்றத நீங்க கேக்க மாட்டீங்களா?

— …அந்த டாக்டர் என்னதான் சொல்றாரு?

— ரிப்போர்ட்டு மாறலங்க. அவ போயிடறா. இன்டர்வெல் முடிஞ்சு கொஞ்ச நேரத்துலயே. பெருசா எதுவும் காட்டல. மெஷின் இல்ல, சத்தம் இல்ல. கட்டில் காலியா இருக்கறதக் காட்டறாங்க, அவ்ளோதான்.

— அப்ப மிச்ச நேரம் பூராவும்?

— அவனத்தான் காட்டறாங்க.

— அவன எதுக்குக் காட்டணும்? அவன்கிட்ட என்ன இருக்கு பாக்க?

— இருக்குங்க. மொதல்ல எல்லாரும் வர்றாங்க, பேசறாங்க, கையப் புடிச்சுக்கறாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா வர்றத நிறுத்திடறாங்க. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல, அவங்கவங்க வேலை. கடைய மூடிப் போட்டுட்டு வீட்டுக்குள்ளயே கெடக்கறான். அவ இருந்தப்ப வாய் ஓயாமப் பேசினவன். இப்ப ரேடியோவ முடுக்கிவிட்டுட்டு அது கூட பேசறான்.

— சாப்பிடறானா?

— சோத்த அடிப்பிடிக்க விட்டுடறான். பாத்திரத்தச் சொரண்டத் தெரியாம தூக்கி எறியப் போறான். ராத்திரி தண்ணி ஊத்தி வச்சா காலையில தானா விட்டுடும், அது அப்பத்தான் அவனுக்குத் தெரியுது. அப்பிடியே ஒண்ணொண்ணாக் கத்துக்கறான். துணிய வெள்ளை தனியா, கலர் தனியா ஊற வைக்கறான்.

— இதையெல்லாமா சினிமாவுல காட்டறாங்க?

— பொறுமையாத்தான் எடுத்திருக்காங்க. ஒரு நாளு அவளோட தங்கச்சி வந்து அலமாரியில இருக்கற துணியெல்லாம் கேக்கறா. குடுக்க மாட்டேங்கறான், கத்தறான். அவ அழுதுக்கிட்டே போயிடறா. மறுநாள் அவனே தூக்கிட்டுப் போயி குடுத்துட்டு வர்றான். ஒரு பச்ச சால்வைய மட்டும் வச்சுக்கறான்.

— நீ போத்தியிருக்கறதும் பச்சதான்.

— கடையில பச்சையா வித்தா எல்லாரும் பச்சதான் வாங்குவாங்க. கேளுங்க.

— கட்டில என்ன பண்றான்?

— அது ஜன்னல் ஓரமாவே கெடக்கு. அவன் ரொம்ப நாளு தரையில படுக்கறான். அப்புறம் ஒரு நாளு கட்டில்ல ஏறிப் படுக்கறான். ஜன்னல் காத்து நல்லாருக்குங்க, சும்மா சொல்லக்கூடாது. அதுக்கப்புறம் அங்கதான் தூங்கறான்.

— கடை?

— தொறக்கறான். ஒரு அம்மா வந்து கதவத் தட்டிக்கிட்டே இருக்கு, அவங்க ரேடியோவ ரிப்பேருக்குக் குடுத்தது அப்பிடியே கெடக்குதாம். திட்டறாங்க. அந்தத் திட்டு வாங்கறதுக்காகவே அவன் கடையத் தொறந்துடறான். அந்த அம்மா நல்ல ஆளு, படம் பூரா திட்டுது. எனக்கு… அதான், பார்லர் பொண்ணுக்கு அந்த அம்மாவ ரொம்பப் புடிச்சுதாம்.

— தண்ணி குடிக்கறியா? மூச்சு வாங்குது உனக்கு.

— ஒரு வாய்… போதும். எங்க விட்டேன்?

— கடையத் தொறந்துட்டான்.

— ஆங். அப்புறம் ஒரு செவ்வாக்கெழம அவன் படத்துக்குப் போறான். தனியா.

— அவனும் செவ்வாக்கெழமயா?

— செவ்வாக்கெழமன்னா கூட்டம் இருக்காது. எல்லா ஊர்லயும் அப்பிடித்தான்.

— சினிமாவுக்குள்ள போயி சினிமா பாக்கறானா?

— இப்பல்லாம் அப்பிடித்தான் எடுக்கறாங்க, நீங்களே சொன்னீங்களே. போறான். பக்கத்து சீட்டு காலி. அதுல சால்வைய வைக்கலாமான்னு பாக்கறான், வைக்கல, மடியிலயே வச்சுக்கறான். படம் ஓடுது. நல்ல படம், எல்லாரும் சிரிக்கறாங்க, அவனும் சிரிக்கறான். பாதியில லைட்டப் போட்டுடறாங்க. எல்லாரும் எந்திரிச்சு வெளிய போறாங்க. அவன் மட்டும் உக்காந்துக்கிட்டு கதவப் பாக்கறான். கதவு தொறந்து கெடக்கு, வெளிய ஒரே வெளிச்சம். கைப்புடிய இறுக்கமாப் புடிச்சுக்கறான்…

— அக்கா, தூங்கிட்டீங்களா? உள்ள வரலாமா?

— வாம்மா, அக்கா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கா.

— அண்ணே, வந்துட்டீங்களா. என் பாலிஷு பாட்டில விட்டுட்டுப் போயிட்டேன். நாளைக்குக் காலையில ஒரு கஸ்டமரு வருது, செவப்புத்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குது.

— இந்தா. நல்ல நேரத்துல வந்த. அந்த ரேடியோக்காரன் கடைசியில என்னம்மா ஆகறான்? இவ பாதியில நிறுத்திட்டா.

— என்னங்க, பாவம், அவ அவசரமா வந்திருக்கா. விடுங்க அவள.

— எந்த ரேடியோக்காரன்ண்ணே?

— வெள்ளிக்கெழம பாத்தியாமே. ஆஸ்பத்திரியில இன்டர்வெல் விடறானே, அந்தப் படம்.

— நானா? பார்லர் தொறந்ததுலேருந்து தியேட்டர் பக்கமே எட்டிப் பாத்ததில்ல அண்ணே. நீங்க அக்காவுக்குச் சொல்ற படத்த அக்கா எனக்குச் சொல்லுவாங்க, நான் போயி எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லுவேன். சீட்டுக்கு அடியில சிலிண்டர் இருந்த கதையச் சொன்னேன், மனுசன் நம்பிப் போயிட்டு வந்து என்கூட ஒரே சண்ட. அதுல எல்லாரும் செத்துட்டாங்களாமே. ஆனா நீங்க சொன்னதுதான்ண்ணே நல்லாருந்துச்சு. இன்னிக்கு மட்டுந்தான் அக்கா எனக்கு எதுவும் சொல்லல. நகம் போட்டு முடிக்கற வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு, வாய்க்குள்ளயே என்னமோ சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. புள்ளைங்க பாடத்த மனப்பாடம் பண்ணுமே, அது மாதிரி. சரி, வர்றேன்கா. அடுத்த வாரம் கைக்குப் போட்டு விடறேன்.

— கதவச் சாத்திட்டுப் போம்மா.

— ஒண்ணும் கேக்காதீங்க.

— கேக்கல. சால்வை நழுவுது, இழுத்து விடறேன்.

— ம்.

— கைய எடுத்துட்ட. புடிச்சுக்கோ. நான் எங்கயும் போகல.

— அடுப்புல பால் இல்லையா?

— இல்ல. லைட்டப் போட்டாங்க, அவன் கைப்புடிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு கதவப் பாத்தான்னு சொன்ன.

— சொன்னேன்.

— அப்புறம்?

— அப்புறம் லைட்ட அணைச்சாங்க. நீங்க எந்திரிக்கலங்க. உக்காந்து கடைசி வரைக்கும் பாத்தீங்க.